உட்கார ஆளில்லாத மேசை

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். பையன் என்பது என் கண்ணுக்குத்தான். அங்கே அவர் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர். "அங்கிள், பேக்கிங் பக்கத்துல புது ஷெட்டு வருது. அந்தக் கல்லு மேசைய அந்தாண்ட நவுத்தணும். எந்த போல்ட்ட மொதல்ல கழட்டணும்னு இங்க ஒருத்தருக்கும் தெரில. உங்களக் கேக்கச் சொன்னாங்க" என்றார்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு நிதானமாகச் சொன்னேன். மரத்தைத் தொடாதீர்கள், முதலில் கல்லைத் தூக்கி இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு காலின் அடியிலும் இருக்கிற இரும்புப் பாதத்தை உள்ளே திருகுங்கள். பக்கத்து போல்ட்டைக் கழற்றினால் கால் தானாகக் கையோடு வந்துவிடும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஒரு சாப்பாட்டு மேசைக்கு இவ்ளோ எதுக்கு அங்கிள்?" என்று சிரித்தார்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார். மீட்டிங் இல்லாத உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் மரவேலைக்காரன். ஆனால் கட்டில், கதவு, நாற்காலி என்று எதுவும் செய்து பழக்கமில்லை. நான் பேக்கிங் தச்சன். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு அம்பத்தூரில் ஒரு பெட்டிப் பட்டறையில் சேர்ந்தேன். பழைய பலகையில் ஆணி பிடுங்குவதில் தொடங்கி, பெரிய இயந்திரங்களைப் பெட்டிக்குள் அடைத்துக் கப்பல் ஏற்றுகிற அளவுக்கு வந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நகம் போனது, நகம் வளர்ந்தது. பாரம் எங்கே உட்காருகிறது என்று பார்த்தவுடன் சொல்லக் கற்றுக்கொண்டேன். பெட்டியைச் செய்யும்போதே அதைப் பிரிக்கப்போகிறவனையும் நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். வீட்டுத் தச்சர் செய்த கதவை யாரும் கழற்றுவதில்லை. என் பெட்டியை எந்த ஊரிலோ யாரோ கழற்றித்தான் ஆக வேண்டும். அவன் என்னைத் திட்டக் கூடாது என்பது ஒன்றுதான் என் வேண்டுதல்.

பிறகு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு வீடு மண்ணூரில். வண்டியில் போய்வரும் தூரம்தான் என்று சேர்ந்துவிட்டேன். அங்கேதான் அந்தக் கல்லைப் பார்த்தேன்.

குவாலிட்டி டிபார்ட்மென்டுக்குத் தலைவர் ஸ்டெல்லா மேடம். அளவு பார்ப்பதற்கென்று அவருக்கு ஒரு ஏசி அறை இருந்தது. நடுவில் ஒற்றைக் கட்டில் அளவில், ஒரு சாண் தடிமனில் கறுப்பு கிரானைட் கல். ஒரு சின்னக் காரின் எடை இருக்கும். செய்து முடித்த பாகங்களை அதன்மேல் வைத்துத்தான் நேராக இருக்கிறதா, கோணலா என்று பார்ப்பார்கள். ஒரு பாகத்துக்குப் பெட்டி அளவெடுக்க முதல்முறை உள்ளே போனபோது, பார்க்க வழவழவென்று இருக்கிறதே என்று நான் கல்மேல் கையை வைத்துவிட்டேன்.

"தாஸ், கைய எடுங்க. கல்லுக்குச் சுடும்" என்றார் மேடம்.

என் பெயர் மரியதாஸ். எல்லோருக்கும் தாஸ். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். "கல்லுக்குச் சுடுமா மேடம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முள் வைத்த ஒரு கருவியைக் கல்மேல் நிறுத்தினார். முள் அசையாமல் நின்றது. "இப்ப பக்கத்துல கைய வைங்க" என்றார். வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முள் நகர்ந்தது. நான் அழுத்தவில்லை, அசைக்கவில்லை. என் உள்ளங்கையின் சூட்டுக்கு அந்தக் கல் லேசாகப் பூரித்திருந்தது. கையை எடுத்த பிறகு முள் மெதுவாக, மிக மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது.  அத்தனை எடையுள்ள கல், நான் தொட்டதை அறிந்துகொண்டது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அன்று ராத்திரி வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "குடிச்சுட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

மேடத்தின் வேலை செய்யும் முறையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கல்லை நெருங்கும் முன் கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி ஒரு ஸ்டீல் டம்ளரில் போடுவார். பிறகு வெள்ளைத் துணிக் கையுறை. லைனிலிருந்து சூடாக வந்த பாகத்தைத் தொடவே மாட்டார். அது அந்த அறைக்குள் ஆறி, அறையின் குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் அளப்பார். லைன் ஆட்கள் ரிசல்ட் கேட்டு வாசலில் நின்று தவிப்பார்கள். ஒருநாள் பிளான்ட் ஹெட்டே கோபமாக வந்து, "இன்னும் எவ்ளோ நேரம் மேடம்?" என்று கத்தினார். மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். பீஸும் ஆறட்டும், நீங்களும் ஆறுங்க" என்றார். அவர் உட்கார்ந்தார். வெளியே நின்ற நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்டபாடு பெரும்பாடு.

ஒரகடம் பக்கமெல்லாம் புதிது புதிதாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் கம்பெனியும் பெரிதானது. அளவு பார்க்கக் கம்ப்யூட்டர் வைத்த பெரிய இயந்திரம் வந்தது. அதற்கென்று தனிக் கல் அதனோடே வந்துவிட்டது. அதே சமயத்தில் பழைய கல்மேல் ஒரு இரும்பு பாகம் சரிந்து விழுந்து விளிம்பு உடைந்தது. தேய்த்துச் சமன்படுத்த வந்த ஆட்கள், இனி இது அளவுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் வழக்கப்படி, கழித்துப்போட்ட அளவுக் கருவி எதையும் முழுசாக வைக்கக் கூடாது. தெரியாமல் யாராவது எடுத்து அளந்துவிட்டால் வம்பு. ஸ்கேல் என்றால் வெட்டிப்போடுவார்கள், கேஜ் என்றால் நசுக்கிப்போடுவார்கள். கல் என்றால்? சம்மட்டி போட்டு உடைக்க வேண்டும். கல்லில் சிவப்பு பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள். ஸ்டோரிலிருந்து இரண்டு சம்மட்டியும் வந்து சுவரோரம் நின்றன.

அன்று மதியம் ஸ்டெல்லா மேடம் பேக்கிங் செக்‌ஷனுக்கு நடந்து வந்தார். அதற்குமுன் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. மரத்தூள் தும்மல் வரவழைக்கும் என்று தள்ளியே இருப்பார். தும்மிக்கொண்டே கேட்டார்.

"தாஸ், அந்தக் கல்லத் தாங்குற மாதிரி வெளியில ஒரு மேசை செஞ்சு தருவீங்களா? மரத்துல."

"வெளியிலன்னா மழை, வெயில், கரையான் எல்லாம் கீது மேடம். இரும்புல வெல்டிங் வெச்சுரலாமே?"

"இரும்புன்னா மேலிடத்துல ஆர்டர் போட்டு வாங்கணும். அதுக்குள்ள உடைச்சிருவாங்க. உங்ககிட்ட மரம் இருக்கில்ல?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "என்னால அத உடைக்கிறதப் பாக்க முடியாது தாஸ்" என்றார்.  ஒரு பிளான்ட் ஹெட்டையே உட்கார வைத்தவர் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

மேடம் போய்க் கேட்டபோது பிளான்ட் ஹெட் ஒரேயடியாக மறுக்கவில்லை. எங்கள் செக்‌ஷன் வாசலில் புங்கமரம் ஒன்று இருந்தது. கான்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்கள் அதன் அடியில் சிமென்ட் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள். கேன்டீனில் நெருக்கடி. வெயில் காலத்தில் அந்தத் தரையில் உட்காரவே முடியாது. "அந்தப் பொண்ணுங்க உக்காந்து சாப்பிட ஆகும்னா போடுங்க. கல்ல இனி அளக்க முடியாதபடி பண்ணிடணும். ஆளுங்க உபயோகிக்கிறாங்களான்னு பாப்பேன். சும்மா காட்சிக்கு நின்னா, அடுத்த ஆடிட்டுக்கு முன்னாடி உடைச்சு அனுப்பிடணும்" என்றார்.

அளக்க முடியாதபடி செய்யும் வேலையை மேடம் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வைர முனை வைத்த பேனா ஒன்றை எடுத்தார். மூலையிலிருந்து எதிர் மூலைவரை ஆழமாக ஒரு கோடு கிழித்தார். கீச்சென்று சத்தம். கல்லின் முகத்தில் ஒரு தூசி இருந்தாலும் பொறுக்காதவர், பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை இழுத்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையைக் கல்மேல் முழுதாக வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் அதை அப்படித் தொட்டது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். நான் வெளியே வந்துவிட்டேன்.

இனி மேசை. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பிரஸ் இயந்திரம் வந்தபோது, அதன் அடியில் சறுக்குக் கட்டையாக வந்த உத்தரங்கள் என்னிடம் கிடந்தன. பெயர் தெரியாத மரம். சிவப்பு நிறம், ஆணி இறங்காது, உளியை மறுபடி மறுபடி தீட்ட வைக்கும். யார் எந்தக் காட்டில் வெட்டியதோ, கடல் தாண்டி வந்து எங்கள் செக்‌ஷன் சுவரோரம் சும்மா கிடந்தது. இழைப்புளியில் ஒரு தடவை ஓட்டியதும் உள்ளே ரேகைகள் தெரிந்தன. நான் கொஞ்ச நேரம் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாரம் தாங்குவது பெரிய விஷயமே இல்லை. நட்டு நிறுத்திய மரத்தை மேலிருந்து அமுக்கினால் அது எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் படுத்துவிடும். ஒருவர் எழும்போது மேசையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு எழுவார். பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஆகவே ஆறு கால். காலின் மேல் நுனியை முளை மாதிரி கழுந்தாகச் செதுக்கி, மேல் உத்தரத்தின் துளையில் இறக்கினேன். ஒவ்வொரு மூலையிலும் சாய்வாக ஒரு தாங்கு கட்டை. மழைத் தண்ணீர் மரத்தின் வெட்டு முகம் வழியாகத்தான் மேலே ஏறும். அதனால் கால் தரையைத் தொடவே கூடாது என்று, இயந்திரங்களுக்கு வைப்பதைப் போலத் திருகுகிற இரும்புப் பாதம் வைத்தேன். மீந்த மரத்தில் இரண்டு பக்கமும் உட்கார இரண்டு பெஞ்ச். எல்லாவற்றுக்கும் சூடான லின்சீட் எண்ணெய், மரம் குடிக்கிற மட்டும்.

கல் எப்படி உட்கார வேண்டும் என்பதில் மேடத்துக்கும் எனக்கும் சண்டை வந்தது. நான் சட்டம் முழுக்கப் படியட்டும் என்றேன். அவர் மூன்று இடத்தில் மட்டும்தான் என்றார். "நாலு எடத்துல வெச்சீங்கன்னா மரம் மழையில ஊதுறப்ப ஒரு எடம் தூக்கிரும். கல்லு முறுக்கும். மூணுன்னா எப்பவும் தானா படியும்" என்றார். நான், "ஒரு தடியன் வந்து மூலையில ஏறி உக்காந்தா?" என்றேன். அவர் யோசித்தார். அடுத்த நாள் வந்து, மூன்று இடத்தில் ரப்பர் வைத்துக் கல்லை ஏற்றலாம், நான்கு மூலையிலும் ஒரு நூல் இடைவெளி விட்டுக் கட்டை வைக்கலாம், தடியன் உட்கார்ந்தால் அது பிடித்துக்கொள்ளும் என்றார். இருவருக்கும் சம்மதம். தடியன் என்று மேடம் சொல்லிக் கேட்டது எனக்குத் தனிச் சந்தோஷம்.

கல்லைத் தூக்கி வைக்கிற வேலை கோவிந்தனுடையது. பிள்ளைப்பாக்கத்துக்காரர், கம்பெனியில் பாரம் தூக்கும் வேலைக்கெல்லாம் சூப்பர்வைசர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனிக்கு வருமுன் வேறொரு இடத்தில் பாரம் நழுவி அவருடைய வலது காலில் விழுந்து மூன்று விரல் போய்விட்டது. புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் முதல்நாள் அவர்தான் வகுப்பு எடுப்பார். படம், பேச்சு எதுவும் கிடையாது. ஷூவைக் கழற்றுவார், சாக்ஸைக் கழற்றுவார், அந்தக் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைப்பார். ஒவ்வொருவரும் கிட்டே வந்து பார்க்க வேண்டும். முகத்தைத் திருப்பினால் மறுபடி வரச் சொல்வார். "நல்லாப் பாத்துக்க. தொங்குறதுக்குக் கீழ போவாத. பூ மூட்டையா இருந்தாலும் போவாத" என்பார். அவ்வளவுதான் வகுப்பு. எங்கள் கம்பெனியில் கொக்கிக்குக் கீழே ஒரு எலிகூடப் போகாது.

ஒரு சனிக்கிழமை ஹைட்ரா கிரேன் வந்தது. ஷிப்டு விட்ட நேரம், எல்லோரும் கூடிவிட்டார்கள். பெல்ட் போட்டு கோவிந்தன் விசில் ஊதியதும் கல் மேலே எழும்பியது. வெயிலில் அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கறுப்பு முகத்தில் வானம், புங்கமரம், எங்கள் தலைகள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. கோவிந்தன் விரலை மட்டும் அசைத்தார். கல் ஒரு இலை இறங்குவது போல் என் மேசைமேல் இறங்கியது. மரம் ஒரு முனகல்கூட முனகவில்லை. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

திங்கட்கிழமை மதியம், என் மேசையில் முதல் சாப்பாட்டைப் பார்க்கலாம் என்று நான் முன்னாலேயே போய் நின்றேன். பெண்கள் வந்தார்கள். டப்பாக்களைக் கல்மேல் வைத்தார்கள். கோட்டைத் தடவிப் பார்த்தார்கள். "எப்பா, என்னா குளுமை" என்றார்கள். பிறகு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் மேசைக்கு முதுகைக் காட்டி, காலை வெளிப்பக்கம் நீட்டி உட்கார்ந்தார்கள். இரண்டு பெஞ்சிலும் அப்படியே. நடுவில் என் மேசை தனியாக நின்றது. இடமில்லாதவர்கள் பழையபடி தரைக்குப் போனார்கள்.

"ஏம்மா, திரும்பி உக்காரக் கூடாதா?" என்றேன்.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண், எல்லோருக்காகவும் பேசுகிறவள். "கல்லு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா அது தொங்குனத நாங்க பாத்துட்டோம்லா" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "கோவிந்தன் சார் காலையும் பாத்திருக்கோம்" என்றாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே கதை. நான் உட்கார்ந்து காட்டினேன். "நீங்க செஞ்சீங்க, உங்களுக்கு நம்பிக்கை இருக்கும்" என்றார்கள். ஸ்டெல்லா மேடம் வந்து உட்கார்ந்தார். மரியாதைக்கு எழுந்து நின்றார்களே தவிர ஒருத்தியும் முழங்காலை உள்ளே விடவில்லை. புதன்கிழமை பிளான்ட் ஹெட் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினார்: அடுத்த வாரம் ஆடிட், சனிக்கிழமை உடைக்க ஆள் வரும்.  மேடத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நேராக கோவிந்தனிடம் போனேன். "நீ காட்டுன காலாலதான் இந்த வினை. நீயே வந்து ஒரு நாள் உக்காந்து சாப்டுட்டுப் போ" என்றேன்.

"முடியாது தாஸு" என்றார்.

"இன்னா முடியாது? ஒரு வேளை சோறு துன்றதுக்கு இன்னா முடியாது?"

"நீ இன்னா வெளாட்டுன்னு நெனச்சிகினு கீறியா? கல்லுக்கு அடில கோயிந்தனே கால நீட்னான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். சொல்லிக்கினே கொக்கிக்குக் கீழ பூந்துருவான். அந்தப் பொண்ணுங்க பயந்துகினு கீறாங்க பாரு, அதுக்கோசரம்தான் நான் இத்தினி வருஷமா அசிங்கமா கால அவுத்துக் காட்டிகினு கெடக்கறேன். உன் மேசைக்கோசரம் அத்தக் கெடுத்துக்கச் சொல்றியா?"

 அதுவரை அந்தக் காலைக் காட்டுவது அவருக்கு ஒரு வேடிக்கை, ஒரு கெத்து என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்புகிறவர்களை மறுபடி கூப்பிட்டுக் காட்டுவது ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. திரும்பி நடந்தேன். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தாஸு. அது தொங்குதா, நிக்குதா?"

"நிக்குது."

"காட்டு. எனக்கில்ல. அவங்க கண்ணு முன்னாடி."

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே ஆரம்பித்தோம். கோவிந்தன் முதலில் கல்லுக்கு அடியில் நான்கு மூலையிலும் தரையிலிருந்து கட்டைகளை அடுக்கச் சொன்னார். ஏதாவது ஆனால் கல் கட்டைமேல் உட்கார்ந்துவிடும், ஆளுக்கு ஆபத்தில்லை. கட்டைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு செய்தித்தாள் போகிற அளவு இடைவெளி மட்டும் விட்டேன். பெட்டியில் பாரம் எங்கே படிகிறது என்று பார்க்க நாங்கள் இதைத்தான் செய்வோம். தாளை இழுத்தால் வர வேண்டும். வராவிட்டால் பாரம் அங்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மேடம் முள் கருவியை எடுத்துவரட்டுமா என்று கேட்டார். "அந்த முள்ளு அந்தப் பொண்ணுங்களுக்குப் புரியாது மேடம். பேப்பர் புரியும்" என்றார் கோவிந்தன். மேடம் தலையாட்டிவிட்டு, தாளைப் பட்டைகளாகக் கிழித்துக்கொடுத்தார். மூலைக்கு ஒன்றாக இடைவெளியில் செருகினேன்.

"ஒரு கால எடு" என்றார் கோவிந்தன்.

நடுக்காலிடம் போனேன்.

"நடுக்கால எடுத்தா எந்த மேசையும் நிக்கும். மூலைக்கால எடு."

மணி அடித்தது. பெண்கள் வந்து, புங்கமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். நான் தரையில் படுத்து இரும்புப் பாதத்தைத் திருகினேன். காலுக்கு அடியிலிருந்த பிடி மெல்ல விட்டது. பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றி, காலை மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். டக்கென்று ஒரு சத்தம். கழுந்து துளையை விட்டு வந்த சத்தம்தான், ஆனால் கூட்டமே பின்னால் நகர்ந்தது. கோவிந்தன் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். கால் என் கைக்கு வந்துவிட்டது. மூலையில் ஒன்றுமில்லை. அதற்கு மேலே அந்தக் கல், ஒரு சின்னக் காரின் எடை, வெறும் காற்றுக்கு மேல் நின்றது.

நான் செய்ததுதான். ஆனாலும் கையில் காலை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது நான் செய்தது என்றே தோன்றவில்லை. அந்தச் சிவப்பு மரம் தன் பங்கு, கழற்றிய காலின் பங்கு எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டு சும்மா நின்றது. நெஞ்சுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோயிலில் நிற்கிறபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை, மாதா மன்னிக்கட்டும்.

"இழு" என்றார் கோவிந்தன், பேச்சியம்மாளைப் பார்த்து.

அவள் திகைத்து, "நானா?" என்றாள். "நீதான். கைய மட்டும் நீட்டு, கட்டை கீது, பயப்படாத." அவள் வந்தாள். எட்ட நின்று கையை மட்டும் நீட்டி, ஒரு மூலைத் தாளைப் பிடித்து இழுத்தாள். வந்தது. அடுத்த மூலை, வந்தது. மூன்றாவதும் வந்தது. கடைசியாகக் கால் இல்லாத மூலை.  மேடம் கண்ணை மூடிக்கொண்டார். தாள் கிழியாமல், ஒரு மடிப்புகூட இல்லாமல் முழுசாக வந்தது. பேச்சியம்மாள் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

நான் கோவிந்தனைப் பார்த்தேன். இப்போது உட்காரப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா பாக்கற? கால மாட்டு" என்றார். "அஞ்சு கால் ஆறு கால்னு சர்க்கஸ் காட்ட வரல நான்."

மாட்டினேன். தன் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் தானே ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். பாதத்தைத் திருகித் தரையில் பிடிக்க வைத்தார். பிறகு அடியில் அடுக்கிய கட்டைகளைத் தானே குனிந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டார். கடைசிக் கட்டையை எடுத்ததும் பெண்களைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பெல்ட்டுல இருந்தப்ப இது தொங்கிச்சு. அப்ப நான் கீழ போவல, யாரையும் வுடல. நாளைக்கு இதயே மறுக்கா தூக்குனா அப்பவும் போவ மாட்டேன். இப்ப நிக்குது. வித்தியாசம் தெரியாம எவனாவது கொக்கிக்குக் கீழ போனீங்க, நானே ஒதைப்பேன்."

பெஞ்சில் உட்கார்ந்தார். வலது ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். அந்தக் காலைத் தூக்கிக் கல்லுக்கு அடியில் நீட்டி, இன்னொரு காலையும் அதன் பக்கத்தில் நீட்டி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு வாசனை எங்கும் பரவியது. யாரையும் பார்க்காமல் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒருத்தரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அவர் பாதிச் சோறு முடித்திருப்பார். நிமிர்ந்து, "இன்னா, சோறு துன்றதப் பாத்ததில்லையா? கண்ணு போடாதீங்க, வந்து குந்துங்க" என்றார்.

பேச்சியம்மாள்தான் முதலில் வந்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஒரு காலை உள்ளே விட்டாள். கொஞ்சம் பொறுத்தாள். மற்றொரு காலையும் விட்டாள். அப்புறம் வரிசையாக வந்தார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் ஒரு ஓரம் வாங்கி உட்கார்ந்தார். ஒருத்தி அவருக்கு ஊறுகாய் நீட்டினாள். மேலே ஜன்னலில் பிளான்ட் ஹெட் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். சுவரோரம் நின்ற இரண்டு சம்மட்டியையும் அன்று சாயங்காலமே ஸ்டோர்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தது. தள்ளி உட்காருகிறோம், வாங்க அண்ணாச்சி என்றார்கள். வேண்டாம் என்றேன். தரையில் கிடந்த மரத்தூள்மேல் உட்கார்ந்து அங்கிருந்தே பார்த்தேன். அவ்வளவு தாழ்விலிருந்து அவர்கள் முகம் எதுவும் தெரியவில்லை. கல்லுக்குக் கீழே கால்கள்தான் தெரிந்தன. ஷூவை உதறிவிட்ட கால்கள், மெட்டி போட்ட கால்கள், வெள்ளைக் கையுறைக்காரரின் செருப்புக் கால்கள், நடுவே விரல் குறைந்த அந்தப் பெரிய கால். ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டே காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேலே இருக்கும் கல்லை அவள் மறந்தே போய்விட்டாள். நான் சோற்றில் கை வைக்காமல், மணி அடிக்கும்வரை அந்த ஆடும் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.